ஆங்கில எழுத்து: கவிதையிலிருந்தா, பழைய வினாத்தாளிலிருந்தா?

தரம் 9க்கு ஆங்கில வருடத் திட்டம் போட உட்கார்ந்தால் எங்கள் பக்கத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பழைய வினாத்தாள்களை இப்போதே கையில் எடுத்து, குறிப்பு, கடிதம், வரைபடத்தை (கிராஃப்) விவரித்தல், 200 சொல் கட்டுரை என்று வகை வகையாகப் பழக்குவது. மற்றது, தவணைக்கு ஒரு கதையோ கவிதையோ எடுத்து ஆற அமர வாசித்து, எழுத்து வேலையை எல்லாம் அதிலிருந்தே கொடுப்பது. ஹட்டன் பக்கத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வினாத்தாள் வழியின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. பெற்றோருக்குப் புரியும், அதிபரிடம் காட்டலாம். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் வருகிறவர் அதே கட்டிலிருந்து அடுத்த தாளை உருவிக்கொள்ளலாம். தோட்டப் பாடசாலைகளில் இந்தக் கடைசிக் காரணம் சின்னதல்ல.

மூன்றாவதாக ஒரு வழியும் சொல்வார்கள்: தரம் 10இல் ஆங்கில இலக்கிய நயத்தைத் தனிப்பாடமாக எடுக்க வைப்பது. நல்ல யோசனைதான். ஆனால் அது தமிழ் இலக்கிய நயம், சித்திரம், நடனம், சங்கீதம் எல்லாம் இருக்கும் அதே தொகுதியில் வருகிறது. ஒன்றை எடுத்தால் மற்றவை போச்சு. பரதத்தில் நல்ல புள்ளி எடுக்கக்கூடிய பிள்ளையை அதை விட்டு வா என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாடத்தை இரண்டு வருடமும் முழுதாக நான் கற்பித்ததும் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி என் பேச்சு எடுபடாது.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: கொப்பி திருத்துவது.

வினாத்தாள் வழியில் ‘என் இலட்சியம்’ என்று ஒரு கட்டுரை கொடுக்கிறோம். வீட்டில் ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு அதற்கான சொற்கள் எங்கிருந்து வரும்? டியூஷனில் கொடுத்த மாதிரிக் கட்டுரையிலிருந்து வரும். கொப்பிக் கட்டைப் பிரித்தால் பாதிப் பேர் டாக்டர், மீதிப் பேர் டீச்சர், அதே வரிகள், அதே முடிவு. அங்கே திருத்த ஒன்றுமே இல்லை, ‘சரி’ போட்டுவிட்டுப் போகலாம். சொந்தமாக எழுதிய நாலைந்து பேரின் கொப்பியோ சிவப்பாகிவிடும். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சொல் தேவை, வேறு வேறு பிழை. ஒரு பாடவேளையில் அதை எப்படி வகுப்புக்குப் பொதுவாக விளக்குவது? முயன்றவன்தான் அதிகம் அடிபடுகிறான். அடுத்த முறை அவனும் மாதிரிக் கட்டுரைக்கே போய்விடுவான்.

படைப்பிலிருந்து போனால் இது மாறுகிறது. எல்லோரும் ஒரே பக்கத்தைப் பற்றி எழுதுகிறார்கள். வேண்டிய சொற்களில் பாதி அந்தப் பக்கத்திலேயே கிடக்கும். பிழைகளும் பொதுவாகவே இருக்கும். கடந்தகாலம் தடுமாறினால் அனேகமாக எல்லோருக்கும் அதே இடத்தில்தான் தடுமாறும். இரண்டு வாக்கியத்தைக் கரும்பலகையில் போட்டுத் திருத்தினால் வகுப்பே திருத்திக்கொள்ளும். அப்புறம் அதையே மறுபடி எழுதச் சொல்லலாம். மறுபடி எழுத நேரம் கிடைப்பதுதான் இதில் பெரிய லாபம்.

நான் எடுத்தது சி.வி. வேலுப்பிள்ளையின் ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற கவிதை. 1914இல் பூண்டுலோயா மடகும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர் ஆங்கிலத்திலேயே எழுதியது. விடியற்காலைத் தப்பு முழக்கத்தோடு தொடங்கும். புத்தகம் எல்லோருக்கும் கிடைக்காது, ஆகவே பத்துப் பதினைந்து வரியைப் பலகையில் எழுதிப்போட்டேன். வாசித்த பிறகு ஒரே கேள்வி: இப்போது உங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) விடியும்போது முதலில் கேட்கிற சத்தம் எது? ஐந்து வாக்கியம் எழுதுங்கள். பெக்டரி சங்கு, கோயில் ஸ்பீக்கர், அப்பாவின் இருமல், பக்கத்துக் காம்பிராவில் அலாரம் அடிக்கும் போன் என்று வந்தது. எழுத்துப்பிழை தாராளமாக இருந்தது. ஆனால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அடுத்த வாரம் அதே ஐந்து வாக்கியம் வெளியூர் நண்பனுக்கு எழுதும் கடிதமானது. அதற்கடுத்த வாரம், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் இருவர் பேசும் உரையாடலானது. பரீட்சை கேட்கும் வகைகளும் இப்படித்தான் உள்ளே வந்தன.

குறைகளும் உண்டு. வரைபடத்தைப் பார்த்து விவரிக்கும் கேள்வியை எந்தக் கவிதையிலிருந்தும் இழுக்க முடியாது, அதைத் தனியாகவே பழக்க வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பதினைந்து வரியே மலை. அவர்களுக்கு நாலு வரி போதும் என்று விட்டுவிடுகிறேன். ஆசிரியர் மாறினால் திட்டம் நின்றுவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. வரிகள், கேள்விகள், பொதுவாக வந்த பிழைகள் மூன்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைக்கிறேன். வருகிறவர் அதைத் திறப்பாரா என்பது வேறு விஷயம். இப்படிப் படித்தவர்கள் இன்னும் சாதாரண தரம் எழுதவில்லை. அதனால் பெறுபேற்றைக் காட்டி வாதாட என்னிடம் எதுவும் இல்லை.

தரம் 11க்கு மட்டும் இதைச் சொல்லமாட்டேன். அங்கே இரண்டாம் தவணை தொடங்கியதும் வினாத்தாள்தான், வேறு பேச்சில்லை. தரம் 9இல் மூன்று தவணையும், தரம் 10இல் முதல் இரண்டும் படைப்புகளுக்குக் கொடுக்கலாம். பாடநூலிலேயே கதைகளும் கவிதைகளும் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவர அதிபர் தயங்கினால் அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.