62,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் காரை மூன்று நீலத்தில் திருப்பிக் கொடுத்தார்கள்: காருக்கு நிறம் மாற்றப் போகிறவர்கள் கவனிக்கவும்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று பெயின்ட் அடிக்கக் கொடுத்த ஆப்பிலிருந்து இப்போதுதான் செய்தி வந்தது. எதைத் தீர்த்தார்கள்? கதவு ஒரு நீலம், பம்பர் ஒரு நீலம், பானெட் இன்னொரு நீலம். 62,000 ரூபாய் அவர்களிடம் இருக்கிறது. காருக்கு எந்த நிறம் எடுப்பது, என்ன பெயின்ட் கேட்பது, எங்கே கொடுப்பது என்று நான் தெரிந்துகொண்டதை எல்லாம் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்தது.

அப்பா ஓட்டிக்கொண்டிருந்த பழைய சிவப்பு ஹேட்ச்பேக். மதுரை வெயிலில் வருடக்கணக்கில் தெருவிலேயே நின்ற வண்டி. கூரையும் பானெட்டும் வெளுத்து, தடவினால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. விற்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. சரி, முழுவதுமாகப் பெயின்ட் அடித்து நிறத்தையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

போனில் புக் செய்தால் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய் வேலை முடித்துத் தரும் கார் சர்வீஸ் ஆப் ஒன்று. பெயர் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொந்தப் பட்டறை கிடையாது, ஊருக்கு ஊர் யாரையாவது சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பணம் கட்டும்வரை யாரும் சொல்லவில்லை.

அவர்கள் கைகாட்டிய பட்டறையின் சூப்பர்வைசர் முதலில் காட்டியது ராணுவப் பச்சை. "இப்ப இதுதான் சார் ட்ரெண்ட்" என்றார். அந்த ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் அடிக்கக் கூடாது என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில், 121ஆம் விதியிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு அது தெரியும், உடனே வேண்டாம் என்றுவிட்டார். அந்த இடத்திலேயே சூப்பர்வைசர் பேச்சை மாற்றிய விதம்தான் எங்களை நம்ப வைத்தது. "அப்பாவுக்கு விஷயம் தெரியுது, அவரே கலர் எடுக்கட்டும்" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தார், டீ வரவழைத்தார். ஷேடு கார்டை உள்ளே பார்க்க வேண்டாம், டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும் என்று அவரே வெளியே வெயிலுக்கு எடுத்து வந்தார். பேர் போன கம்பெனியின் சீல் உடைக்காத டின்னைக் காட்டி, அப்பா எடுத்த மெட்டாலிக் நீலத்தின் ஷேடு நம்பரைத் தன் கையாலேயே எஸ்டிமேட்டில் எழுதினார். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூகே பெயின்ட், மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் கோட், பூத் என்கிற மூடிய பெயின்ட் அறையில் வைத்து 60 டிகிரி சூட்டில் காயவைப்பது, ஆர்.சி.யில் நிறம் மாற்றும் வேலை, எல்லாம் சேர்த்து 62,000. "நம்ம வீட்டு வண்டியா நினைச்சு செஞ்சு தர்றேன்ப்பா" என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மனிதரைப் பாராட்டிக்கொண்டே வந்தார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தது இருட்டிய பிறகு. பளபளவென்று வேக்ஸ் போட்டு, விளக்குக்கு அடியில் நிறுத்தியிருந்தார்கள். பாக்கியையும் கட்டினால்தான் சாவி. மறுநாள் வெயிலில் பார்த்தபோது மூன்று நீலமும் தெரிந்தன. கதவைத் திறந்தால் உள் விளிம்பில் பழைய சிவப்பு. பெட்ரோல் மூடியைத் திறந்தால் சிவப்பு. பானெட்டுக்கு அடியில் சிவப்பு. நிறம் மாற்றும் வேலை என்று சொல்லி வாங்கிய 62,000 ரூபாய்க்கு வெளியே தெரியும் இடத்தில் மட்டும் அடித்திருக்கிறார்கள்.

கேட்டதற்கு வந்த பதில்கள்: "பெயின்ட் இன்னும் செட் ஆகலை சார், ஒரு மாசம் விடுங்க." "பம்பர் பிளாஸ்டிக் சார், அதுல அப்படித்தான் பிடிக்கும்." "போட்டோல அப்படித் தெரியுது." பிளாஸ்டிக்கில் லேசான வித்தியாசம் வரும் என்பது உண்மைதான். கதவும் பானெட்டும் பிளாஸ்டிக்கா?

அந்த ஒரு மாசம் முடிவதற்குள் பின் சக்கரத்துக்கு மேலே கொப்புளம் கிளம்பி, கிளியர் கோட் தோல் தோலாக உரிய ஆரம்பித்தது. ஆப் நிறுவனத்தில் கேட்டால் "நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, பட்டறையிடம் பேசுங்கள்". பட்டறையில் கேட்டால் "பணம் கம்பெனிக்குத்தானே போச்சு, அவங்ககிட்ட பேசுங்க". வாரன்டி அட்டையைக் காட்டினால் ஷேடு வித்தியாசம் அதில் வராதாம். உரிவதாவது வருமே என்றால், பிரஷர் தண்ணீரில் கழுவியிருப்பீர்களாம். வண்டியைக் கழுவக்கூடாது என்றால் 62,000 எதற்கு? அப்பாவின் கையைப் பிடித்த சூப்பர்வைசர் இப்போது என் நம்பரைப் பார்த்தாலே கட் செய்கிறார்.

கீழவாசல் பக்கம் பல வருடமாகப் பெயின்டிங் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் வண்டியைக் காட்டினேன். கதவின் கீழ் ஓரத்தில் தின்னர் நனைத்த துணியை வைத்துத் தேய்த்தார். மேல் பூச்சு கரைந்து, நீலம் துணிக்கு வந்துவிட்டது. "இது என்சி பெயின்ட் தம்பி, டூகே காஞ்சிருந்தா இப்படிக் கரையாது" என்றார். என்சி என்பது காய்ந்த பிறகும் தின்னரில் கரையும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். மெட்டாலிக் நிறத்தில் அலுமினியத் துகள் இருக்கிறது, காற்றின் அழுத்தம், ஸ்பிரே கன் பிடிக்கும் தூரம், தின்னர் அளவு எது மாறினாலும் அதே டின்னில் எடுத்த பெயின்ட்கூட வேறு நிறமாகத் தெரியும், அதனால் எல்லாப் பாகத்தையும் ஒரே கை ஒரே மூச்சில் அடிக்க வேண்டும் என்றார். எங்கள் வண்டியில் பாகம் பாகமாக, ஆள் மாற்றி அடித்திருக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. கீழே ஈரம் போகாமல் பள்ளம் நிரப்பும் பட்டி வைத்து மூடியதால்தான் கொப்புளமாம். எல்லாவற்றையும் சுரண்டி முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதாவது 62,000 மொத்தமும் வீண்.

ஆர்.சி.யில் இன்றுவரை சிவப்பு என்றே இருக்கிறது. நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பித்துப் பதிவை மாற்ற வேண்டும். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: முடிந்தவரை நிறத்தை மாற்றாதீர்கள், கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் பெயின்ட் நம்பரைப் பார்த்து அதே பழைய நிறத்திலேயே அடியுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வெள்ளை மாதிரி துகள் இல்லாத நிறம் எடுங்கள். அடர் நிறத்தில் பட்டி போட்ட மேடு பள்ளமெல்லாம் தெரியும், சூடும் அதிகம். ஒரு தகடில் அடித்துக் காட்டச் சொல்லி வெயிலில் பாருங்கள். வண்டியைப் பகலில் மட்டும் வாங்குங்கள். கதவின் உள் விளிம்பைப் பார்க்காமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்து மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். எஸ்டிமேட், பில், வாட்ஸ்அப் பேச்சு, வெயிலில் எடுத்த படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி ஆப்பில் பெயின்ட் அடிக்கக் கொடுத்து ஏமாந்தவர்கள் மதுரையில் இன்னும் இருந்தால் பில்லோடு என்னைத் தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்தே போவோம்.