பாஸ் மீனுக்கு எந்த ரீல்: நரம்பின் தடிமனைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பாஸ் என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கத் தொடங்குபவர்கள், நரம்பை (தூண்டில் நூலை) சுற்றிவைக்கும் ரீல்களில் பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்குவதா, ஸ்பின்னிங் ரீல் வாங்குவதா என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள். என்னிடம் இரண்டும் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லலாம் என்றால் பெய்ட்காஸ்டிங் ரீலைத்தான் எடுப்பேன். நான் தூண்டில் வீசும் நீர்நிலைகளில் நீர்க்கொடிகளும் மூழ்கிய மரங்களும் அதிகம். அங்கே கிடைப்பதும் பெரும்பாலும் பெரிய வாய் கொண்ட இனமான லார்ஜ்மவுத் பாஸ். என் சாய்வு அந்த இடங்களிலிருந்து வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். ஸ்பின்னிங் ரீல் கோலுக்குக் கீழே தொங்கும். நரம்பைப் பிடித்திருக்கும் வளைந்த பெயில் கம்பியைத் திறந்து வீசினால் போதும் என்பதால் முதல் நாளிலேயே கைக்குப் பழகிவிடும். பெய்ட்காஸ்டிங் ரீல் கோலின் மேல் அமரும். அதற்குப் பழக்கம் வேண்டும். எதில் அதிக நரம்பு கொள்ளும் என்று பார்ப்பது பாஸ் மீனைப் பொறுத்தவரை வீண் வேலை. லார்ஜ்மவுத் பாஸுக்கான உலக சாதனையைப் பகிர்ந்துகொள்ளும் இரு மீன்களும், அதாவது 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்ததும் 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்ததும், 10 கிலோவைச் சற்றே தாண்டியவைதாம். கடல்மீனைப் போல நெடுந்தொலைவு இழுத்துக்கொண்டு ஓடும் இனம் அல்ல பாஸ். அது ஓட நினைப்பது இரண்டு கை தொலைவில் இருக்கும் மரக்கிளைக்குள். அதனால்தான் நீளத்தைவிட நரம்பின் தடிமன் முக்கியமாகிறது.

இரண்டு ரீல்களுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு நரம்பு வெளியேறும் விதத்தில் இருக்கிறது. ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் (நரம்பு சுற்றிய கண்டு) சுழலாது. நரம்பு அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக உதிரும். இங்கிலாந்தின் நெசவுத் தொழிலதிபரான ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905-இல் காப்புரிமை பெற்ற நிலையான ஸ்பூல் ரீலும் இப்படித்தான் இயங்கியது. தறியில் நூல்கண்டின் நுனிவழியே நூல் உருவப்படுவதைப் பார்த்துப் பழகியவருக்கு இது இயல்பாகத் தோன்றியிருக்கும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழன்று நரம்பை நேர்க்கோட்டில் விடும். மெல்லிய நரம்பு சுருளாக உதிர்வதால் தொல்லை ஏதும் இல்லை. 15 அல்லது 17 பவுண்டு இழுவிசை தாங்கும் ஃபுளோரோகார்பன் (ஒரு வகை பிளாஸ்டிக்) நரம்போ ஏறத்தாழ 0.35 மி.மீ. தடிமனும் அதற்கேற்ற விறைப்பும் கொண்டது. ஸ்பின்னிங் ஸ்பூலிலிருந்து உதிரும்போது அது அகன்ற வளையங்களாகத் துள்ளி எழுந்து, கோலின் முதல் வளையத்தில் அடித்து, வீச்சின் வேகத்தைக் குறைத்துவிடும். ஸ்பூல் நிறைந்திருந்தால் பெயில் கம்பியைத் திறந்த உடனே நரம்பு தானாகவே சரிந்து விழுவதையும் காணலாம். சுழலும் ஸ்பூலில் இதே நரம்பு அமைதியாக வெளியேறும்.

முறுக்கு அடுத்த சிக்கல். ஸ்பின்னிங் ரீலில், மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால், நரம்பு உள்ளே வராமலேயே, பெயில் கம்பியைத் தாங்கிய ரோட்டர் ஸ்பூலைச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி அது சுற்றும் ஒவ்வொரு சுற்றும் நரம்பில் ஒரு முறுக்காகச் சேரும். பற்சக்கர விகிதம் 6:1 என்றால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஆறு முறுக்குகள். பெரிய மீன் சிக்கிய பரபரப்பில் நிறுத்தாமல் சுற்றும் பழக்கம் பலருக்கும் உண்டு. சற்று நேரம் கழித்து நரம்பு தளர்ந்த இடமெல்லாம் சுருண்டு முடிச்சு விழுவதற்கு அதுவே காரணம். இதற்குத் தீர்வும் இருக்கிறது. மீன் இழுக்கும்போது சுற்றாமல் இருக்கவேண்டும். பெயில் கம்பியைக் கையால் மூடவேண்டும். முறுக்கு ஏறிவிட்டால் லூரை (செயற்கை இரையை) வெட்டியெடுத்துவிட்டு வெறும் நரம்பைப் படகின் பின்னால் இழுபடவிட்டு மீண்டும் சுற்றிக்கொள்ளவேண்டும். பெய்ட்காஸ்டிங் ரீலில் நரம்பு நேராக வந்து நேராகவே சுற்றப்படுவதால், டிராக் எவ்வளவு வழுக்கினாலும் ரீல் தன் பங்குக்கு முறுக்கு ஏற்றுவதில்லை.

பின்னல் நரம்பு வந்தபிறகு இந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்று சிலர் வாதிடுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. 10 பவுண்டு பின்னல் நரம்பு மிக மெல்லியது, நெகிழ்வானது. ஸ்பின்னிங் ரீலுக்கு அதைப்போலப் பொருந்துவது வேறில்லை. ஆனால் தவளை லூரைப் பாசிப்படலத்தின் மேல் இழுப்பதற்குப் பரவலாகப் பயன்படும் 50 முதல் 65 பவுண்டு வரையிலான பின்னல் நரம்பில், 50 பவுண்டு நரம்பே 12 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பின் தடிமனுக்கு வந்துவிடும். தடிமன் ஒருபுறமிருக்க, மீனையும் அதன்மேல் சுற்றிய கொடிக்குவியலையும் சேர்த்து இழுக்கும்போது ஸ்பின்னிங் ரீலில் முழுச் சுமையும் சிறிய உருளை ஒன்றில் செங்கோணமாகத் திரும்பித்தான் ஸ்பூலுக்கு வருகிறது. பெய்ட்காஸ்டிங் ரீலில் அப்படியொரு திருப்பமே கிடையாது.

ஆக, மீன் எங்கே இருக்கிறது என்பது நரம்பைத் தீர்மானிக்கிறது, நரம்பு ரீலைத் தீர்மானிக்கிறது. ஜிக், டெக்சாஸ் ரிக், ஸ்பின்னர்பெய்ட், தவளை ஆகிய லூர் வகைகளை அடர்ந்த இடங்களில் வீசுபவருக்குப் பெய்ட்காஸ்டிங் ரீலே பொருந்தும். கட்டைவிரலின் பயனும் இத்துடன் சேர்கிறது. லூர் பறந்துகொண்டிருக்கும்போதே ஸ்பூலை விரலால் மெல்ல அழுத்தி, குறித்த இடத்தின்மேல் அதன் வேகத்தை அடக்கி, ஓசையின்றி நீரில் இறக்கலாம். ஸ்பின்னிங் ரீலிலும் ஆள்காட்டி விரலை ஸ்பூல் விளிம்பில் வைத்து நரம்பைத் தடுக்க முடியும். அந்த அளவு நுணுக்கம் எனக்கு அதில் கைவரவில்லை.

பெய்ட்காஸ்டிங் ரீலுக்குக் கொடுக்கவேண்டிய விலை பேக்லாஷ். லூர் வேகம் இழந்தபின்னும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றால், வெளியேற வழியில்லாத நரம்பு ஸ்பூலின் மேலேயே குவிந்து சிக்காகிவிடும். எதிர்க்காற்றில் வீசும்போது இது அடிக்கடி நிகழும். லூரை மாற்றும்போதெல்லாம் ஸ்பூலின் சுழற்சியை இறுக்கும் திருகைச் சரிபார்க்கவேண்டும்: ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் லூர் மெதுவாக இறங்கவேண்டும், அது தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கவேண்டும். அதன்பிறகு காந்த பிரேக்கையோ மையவிலக்கு பிரேக்கையோ கூடுதலாகவே வைத்துத் தொடங்கி, கை பழகப் பழகக் குறைத்துக்கொள்ளலாம். பழகும் காலத்தில் ஃபுளோரோகார்பன் வேண்டாம். சிக்கில் மடிந்த இடத்தில் அது வலுவிழந்து பின்னொரு நாள் அங்கேயே அறும். மோனோ நரம்பு மலிவானது, மன்னிக்கும் குணமும் கொண்டது. பராமரிப்பைப் பொறுத்தவரை, நரம்பைச் சீராகப் பரப்பும் திருகுத்தண்டில் அழுக்குச் சேராமல் துடைத்து ஒரு துளி எண்ணெய் இடுவதை விட்டுவிடக்கூடாது. ஸ்பின்னிங் ரீலில் அதே கவனம் நரம்புருளைக்குத் தேவை.

ஸ்பின்னிங் ரீல் எந்த ஐயமும் இன்றி வெல்லும் களமும் உண்டு. ஏறத்தாழ 7 கிராமுக்குக் குறைந்த லூர்களுக்குச் சாதாரணப் பெய்ட்காஸ்டிங் ஸ்பூலைச் சுழலவைக்கும் எடை இருப்பதில்லை. டிராப் ஷாட், நெட் ரிக், எடையில்லாத வாக்கி ரிக் போன்ற இலகுவான லூர் அமைப்புகளை 10 பவுண்டு பின்னல் நரம்பில் 6 அல்லது 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (நுனியில் சேர்க்கும் துண்டு நரம்பு) கட்டி வீசுவதற்கு ஸ்பின்னிங் ரீல்தான் சரி. லூர் இறங்கும்போது நரம்பு தடையின்றி உதிர்வதால் அது செங்குத்தாகவே இறங்கும். படகுத்துறைப் பலகைகளின் அடியில் லூரை நீர்மேல் தத்தவிட்டு அனுப்புவதும் இதில் எளிது; அதே வேலையைப் பெய்ட்காஸ்டிங் ரீலில் செய்யும்போது ஸ்பூல் சிக்காகும் அச்சம் எப்போதும் இருக்கும். ஆழமான, தெளிந்த நீரில் மற்றோர் இனமான ஸ்மால்மவுத் பாஸைத் தேடுபவர் இந்தக் கட்டுரையின் சாய்வைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது என்றே நினைக்கிறேன். அத்தகைய நீரில் என் அனுபவம் குறைவு. மெல்லிய, எடை குறைந்த ஸ்பூல் பொருத்திய பெய்ட் ஃபினெஸ் ரீல்கள் இந்த எல்லையை ஓரளவு அழித்துவிட்டன என்பார்கள். நான் கடன் வாங்கிச் சிறிது நேரம் வீசிப் பார்த்ததோடு சரி. சிறிய லூர் நன்றாகவே பறந்தது, ஆனால் அதைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது.

கடையில் பணம் கொடுப்பதற்குமுன் கவனிக்கவேண்டியது கைப்பிடி. பெரும்பாலான ஸ்பின்னிங் ரீல்களில் கைப்பிடியைக் கழற்றி இடப்பக்கமோ வலப்பக்கமோ மாட்டிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டிங் ரீலில் அப்படி முடியாது. வாங்கும்போதே பக்கத்தை முடிவுசெய்தாகவேண்டும். வலது கையால் வீசுபவர் வலப்பக்கக் கைப்பிடியை வாங்கினால், லூர் நீரைத் தொடுவதற்குள் கோலை இடது கைக்கு மாற்றவேண்டியிருக்கும். பாஸ் மீன் பல நேரங்களில் லூர் விழுந்த அந்த நொடியிலேயே கவ்வும் என்பதால், வலக்கையால் வீசினாலும் நான் இடப்பக்கக் கைப்பிடியையே வாங்கினேன்.