இரண்டு மாதச் சம்பளமும் லேபிள் இல்லாத ஒரு பாட்டிலும்: அடிக்கடி காய்ச்சல் வரும் குழந்தை வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

இன்று சாயங்காலம்தான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் சரி போகட்டும் என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. நடந்ததை முதலில் சொல்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

பையனுக்கு மூன்றரை வயது. இரண்டரை வயதிலிருந்து காய்ச்சல். மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாட ஆரம்பித்தால் வருடத்துக்கு ஏழெட்டு தடவை சளிக்காய்ச்சல் வருவது சகஜம், அது எனக்கும் தெரியும். இது அப்படி இல்லை. சளி கிடையாது, இருமல் கிடையாது. ஓடி விளையாடிக்கொண்டிருப்பவன் திடீரென்று வந்து மடியில் சாய்வான், நெற்றியைத் தொட்டால் அனல். 103, 104 வரை போகும். நாலைந்து நாள் ஆளைப் போட்டு வாட்டிவிட்டு, வந்த சுவடே தெரியாமல் போய்விடும். மூன்று நான்கு வாரம் பிள்ளை தங்கமாக இருப்பான். அப்புறம் மறுபடி.

ராத்திரியில் எந்த கிளினிக் திறந்திருக்கிறதோ அங்கே தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டை சிவந்திருக்கு" என்று ஆன்டிபயாடிக் எழுதுவார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சல் விடும், மருந்து கேட்டுவிட்டது என்று நாங்களும் நினைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் ஒன்பது கோர்ஸ். மருந்தே கொடுக்காமல் இருந்திருந்தாலும் அது அன்றைக்குத்தான் விட்டிருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது.

அந்த அலுப்பில்தான் ஒரு ஆன்லைன் ஆலோசனைத் தளத்தில் போய் விழுந்தேன். குழந்தைகளின் எதிர்ப்புச் சக்திக்கென்றே நடத்துவதாகச் சொல்லிக்கொள்கிற வகை. பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தப் பதிவைத் தூக்க வைப்பார்கள், அவர்களோ நாளைக்கே வேறு பெயரில் கடை போடுவார்கள். வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன், அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

வீடியோ காலில் ஒரு பெண் வந்தார். வெள்ளைக் கோட்டு, சாந்தமான முகம். நான் காய்ச்சல் கதையை ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்தி, "அதெல்லாம் இருக்கட்டும்மா, நீங்க நிம்மதியா தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். ஒரு வருடமாக எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, ஒருத்தர் கேட்டதில்லை அந்தக் கேள்வியை. தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். அவர் அவசரப்படாமல் காத்திருந்தார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தது. அதற்கப்புறம் அவர் எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன். அவர் மருத்துவரா, எங்கே படித்தார், என்ன பதிவு எண், எதையும் கேட்கத் தோன்றவில்லை. திரையில் பெயருக்குக் கீழே "மூத்த ஆலோசகர்" என்று இருந்தது. டாக்டர் என்று எங்கேயுமே போட்டிருக்கவில்லை. இப்போது யோசித்தால் அதில் அவர்கள் ரொம்பக் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

குழந்தையின் முடியில் கொஞ்சம், விரல் நுனியிலிருந்து ஒரு அட்டையில் இரண்டு சொட்டு ரத்தம், அனுப்பச் சொன்னார்கள். பதினான்கு பக்க ரிப்போர்ட் வந்தது, சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள். 31 உணவுகள் அவனுக்கு ஆகாது, உடம்பில் உலோக நச்சு, குடல் பலவீனம், அதனால் காய்ச்சல். தீர்வு 90 நாள் திட்டம். தொகை என் இரண்டு மாதச் சம்பளம். முழுச் சம்பளம், பிடித்தம் போகக் கைக்கு வருவது இல்லை. அதுவும் மொத்தமாக முன்பணம், அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் கட்டினால்தான் அந்த விலை. வீட்டுக்காரர், "ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போமே" என்றார். குழந்தையை விடப் பணம் பெரிதா என்று அவரிடம் சண்டை போட்டேன். பதினொன்றரை மணிக்குக் கட்டினேன்.

வந்தது ஒரு பழுப்பு நிறப் பாட்டில். மூடியில் மார்க்கரால் ஒரு எண். லேபிள் கிடையாது, தயாரித்த தேதி கிடையாது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. "ஒவ்வொரு குழந்தைக்கும் தனியா தயார் பண்றோம், அதனால்தான்" என்றார்கள். அதையே ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் அரை ஸ்பூன், காய்ச்சல் ஆரம்பித்தால் ஒரு முழு ஸ்பூன்.

அடுத்த காய்ச்சல் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தது, 103.6. ஒரு ஸ்பூன் கொடுத்தேன். பத்து மணிக்கு 98.8. நம்புவீர்களா, எழுந்து உட்கார்ந்து கார் பொம்மை கேட்டான். நாலு நாள் நிற்காத காய்ச்சல் நாலு மணி நேரத்தில். அன்று ராத்திரியே அவன் படத்தோடு அவர்கள் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு இரண்டு பத்தி பாராட்டு எழுதினேன். அலுவலகத்தில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். என்னை நம்பி ஒரு பெண் தன் மகளுக்கும் அதே திட்டத்தில் பணம் கட்டிவிட்டாள். போன இரண்டு மாதச் சம்பளத்தைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். இதை மறக்க முடியாது.

அப்புறம்தான் கணக்கு மாறியது. காய்ச்சல் வரும் தேதி, நேரம், அளவு எல்லாவற்றையும் ஒரு பழைய நோட்டில் எழுதும் பழக்கம் எனக்கு. அதுவரை 26 நாள், 28 நாள், 27 நாள் என்று இருந்த இடைவெளி, அந்த மருந்துக்கப்புறம் 19 ஆனது, அடுத்தது 13. ஒவ்வொரு தடவையும் மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் விட்டுவிடும், ஆனால் முன்பைவிடச் சீக்கிரம் திரும்பி வரும். முகம் உப்பிக்கொண்டே வந்தது. எந்நேரமும் பசி. எதற்கெடுத்தாலும் ஆத்திரம், பொருளைத் தூக்கி எறிவான். பார்க்கிறவர்கள், "பையன் தேறிட்டானே, கன்னம் வந்துடுச்சே" என்றார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் சாட்டில் கேட்டேன். "நச்சு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும், நல்ல அறிகுறி" என்று பதில், ஒரு பூ படத்தோடு. மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், தொழில் ரகசியம் என்றார்கள். மூன்றரை வயதுக் குழந்தையின் வயிற்றுக்குள் போவது எப்படி அவர்களுடைய ரகசியம் ஆகும்? முதல் நாள் என்னை அழவைத்த அந்த அம்மாவோடு பேச வேண்டும் என்றேன். விடுப்பில் இருக்கிறார். அடுத்த வாரம் கேட்டால் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். "உங்கள் கேள்வி மூத்த குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரே வரியை எண்ணிப் பார்த்தேன், ஆறு தடவை, மூன்று வேறு பெயர்களில் இருந்து. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மட்டும் பதில் உடனே வந்தது. 90 நாளும் முழுதாகப் பின்பற்றியவர்களுக்குத்தான் அந்தப் பேச்சே. கடைசியாக வந்தது இது: "தாயின் பதற்றமும் அவநம்பிக்கையும் குழந்தையின் உடலில் வெளிப்படும்." இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் உண்மையிலேயே என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். என் பாராட்டையாவது எடுங்கள், என் பிள்ளை படத்தையாவது எடுங்கள் என்று நான்கு தடவை எழுதிவிட்டேன். இந்த நிமிஷம் வரைக்கும் அங்கேதான் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

இன்று வீட்டுக்காரர் பிடிவாதமாக ஒரு குழந்தைகள் மருத்துவரிடம் கூட்டிப்போனார். காய்ச்சல் இல்லாத நாளில் நாங்கள் டாக்டரைப் பார்த்தது இதுதான் முதல் தடவை, அதை நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்ட முதல் கேள்வி, "தேதி எழுதி வச்சிருக்கீங்களா?" நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, பென்சிலால் இடைவெளிகளை ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். "உதட்டுக்குள்ளே வெள்ளைப் புண், சாப்பிட மாட்டேங்கிறான்" என்று நான் கிறுக்கியிருந்தேன். இதே வரி இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது, நான் கவனித்ததே இல்லை. காய்ச்சலின்போது கழுத்தில் நெறி கட்டுமா என்றார். கட்டும்.

பிஎஃப்ஏபிஏ என்று ஒன்று இருக்கிறதாம், அதுவாக இருக்கலாம் என்றார். 1987இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. ஐந்து வயதுக்குள் ஆரம்பிக்கும். சீரான இடைவெளியில் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை அழற்சி, கழுத்தில் நெறி. நடுவில் குழந்தை நன்றாக இருக்கும், வளர்ச்சியும் சரியாக இருக்கும். இது தொற்று இல்லை, அதனால்தான் ஆன்டிபயாடிக்குக்கு இதில் வேலை இல்லை. இதைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றை டெஸ்ட் எதுவும் கிடையாது, மற்றவற்றை விலக்கிக்கொண்டுதான் வர வேண்டும். ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு சுமார் 21 நாளுக்கொரு தடவை சரிகிற ஒரு நோய் இருக்கிறது, அதைப் பார்க்க ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்த அணு எண்ணிக்கை எடுக்க வேண்டியிருக்கும். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரம்பரையாக வரும் காய்ச்சல் நோய்கள் சில உண்டு, சந்தேகம் வந்தால் மரபணுப் பரிசோதனை.

சிகிச்சையையும் சொன்னார். சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து மட்டும் கொடுத்துக் காத்திருந்தாலே போதும், பெரும்பாலும் பத்து வயதுக்குள் தானாக நின்றுவிடும். ரொம்பப் படுத்தினால், ஆரம்பித்த உடனே ஒரே ஒரு வேளை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, டாக்டர் எடைக்குக் கணக்கிட்டுத் தருவது. சில மணி நேரத்தில் காய்ச்சல் நிற்கும், ஆனால் சில குழந்தைகளுக்கு அடுத்த காய்ச்சல் சீக்கிரம் வந்துவிடும். அடிக்கடி வராமலிருக்க கோல்சிசின் என்ற மருந்து கொடுப்பது உண்டு. எதற்கும் அடங்காவிட்டால் டான்சில் அறுவைச் சிகிச்சை, அதில் பல குழந்தைகளுக்கு நின்றுவிடுகிறது.

சொல்லிக்கொண்டே வந்தவர் நோட்டில் 19, 13 என்று எழுதிய இடத்துக்குத் திரும்பிப் போனார். அவன் கன்னத்தைப் பார்த்தார். "வேற ஏதாவது மருந்து கொடுக்கறீங்களாம்மா?" பாட்டிலை எடுத்து வைத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினார். "இதுல என்ன இருக்குன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதெல்லாம் ஸ்டீராய்டு கொடுத்தா நடக்கிற மாதிரியே இருக்கு. தினமுமா கொடுத்தீங்க?" ஏழு வாரமாக, தினமும், நானே, என் கையால்.

நிரூபணம் எதுவும் என்னிடம் இல்லை, அதனால் ஸ்டீராய்டு கலந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மூலிகை மருந்து என்று விற்பதில் ஸ்டீராய்டைக் கலப்பது உலகம் பூராவும் பிடிபட்டிருக்கிற விஷயம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொல்கிறேன். ஸ்டீராய்டு நாட்கணக்கில் உள்ளே போனால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், பட்டென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து. இன்றிரவு என்ன செய்ய வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் நேரத்தைப் பார்க்காமல் ஓடி வர வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். பதினான்கு பக்க ரிப்போர்ட்டைப் பார்த்து எரிச்சலாகிவிட்டார். அந்த ரத்தப் பரிசோதனை, அவன் அந்த உணவை முன்பே சாப்பிட்டிருக்கிறான் என்பதைத்தான் காட்டும், ஒவ்வாமையை இல்லை என்றார். முடிப் பரிசோதனையைப் பற்றி வீட்டுக்கு வந்து தேடினேன். இரண்டு பேரின் முடியைப் பதின்மூன்று ஆய்வகங்களுக்கு அனுப்பினால் ஆளுக்கொரு முடிவு வந்ததாக 1985லேயே ஒரு மருத்துவ இதழில் வந்திருக்கிறது. இந்தக் காகிதத்துக்குத்தான் இரண்டு மாதச் சம்பளம்.

என்னை நம்பிப் பணம் கட்டிய அந்த அலுவலகப் பெண்ணுக்கு முதலில் போன் பண்ணினேன். டாக்டரைப் பார்க்காமல் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், காலையில் முதல் வேலையாகப் பாட்டிலோடு போங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், மணி இரண்டாகிவிட்டது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லேபிள் இல்லாத எதையும் குழந்தை வாயில் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே ஊற்றிக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், அது சாட்சி. தேதி எழுதுங்கள், வாய்க்குள் பார்த்து அதையும் எழுதுங்கள். ஒரே டாக்டரிடம் போங்கள், காய்ச்சல் இல்லாத நாளிலும் போங்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 வந்தாலே ஆஸ்பத்திரிதான், நோட்டு எல்லாம் அப்புறம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் கட்டு என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள். பேசுகிறவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் கேளுங்கள். இன்னும் இருக்கிறது, ஞாபகம் வரவில்லை.

காலை எட்டு மணிக்கு அவனுக்குக் கார்டிசால், அதாவது உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டு, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும். இப்போது பக்கத்தில்தான் தூங்குகிறான், மணிக்கொரு தடவை எழுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.