டாஃப்னியாவா, மொய்னாவா, ரத்தப் புழுவா? மலைத் தண்ணீரில் நச்சுச் சோதனைக்கு எதை எடுப்பது

ஜனவரி பிறந்தால் போதும், விலங்கியல் முதுகலைப் பிள்ளைகளில் யாராவது ஒருத்தி வந்து நிற்பாள். "அக்கா, தேயிலைத் தோட்டத்துல அடிக்கிற மருந்தை எடுத்திருக்கேன். ஓடையில இருக்கிற சின்ன உயிருக்கு அது என்ன செய்யுதுன்னு பார்க்கணும். எதை வச்சு டெஸ்ட் பண்றது?" நானும் நாலு வருடமாக ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரேயடியாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கோத்தகிரியில் ஒரு சின்ன அறையில் இதையெல்லாம் வளர்த்துப் பார்த்தவள் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புத்தகத்தில் முதல் பெயராக இருக்கிறது என்பதற்காக டாஃப்னியா மேக்னா என்ற நீர்த்தெள்ளை (இறால் வகையறாவைச் சேர்ந்த பொடி உயிர்) கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது நீலகிரித் தண்ணீருக்குச் சரிப்படாது.

சோதனை என்னவோ எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை மருந்து கலந்த தண்ணீரில் விட்டு, தீனி போடாமல், 24-வது மணியிலும் 48-வது மணியிலும் எத்தனை முடங்கிக் கிடக்கின்றன என்று எண்ணுவது. டாஃப்னியாவுக்கான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 202 வழிமுறை 1984-ல் வந்து 2004-ல் திருத்தப்பட்டது; குறைந்தது ஐந்து அளவுகள், ஒவ்வொரு அளவுக்கும் 20 குஞ்சுகள், ஐந்தைந்தாக நாலு பீக்கரில். பாதிக் குஞ்சுகளை முடக்கும் அளவுதான் இசி50. எண்ணும்போது பீக்கரை லேசாக ஆட்டிவிட்டு 15 விநாடி பார்க்க வேண்டும், அதற்குள் நீந்தவில்லை என்றால் முடங்கியது என்றே கணக்கு, கொம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தாலும் சரி. இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்கு மனசு இளகிவிடும். "உயிரோடதானே அக்கா இருக்கு" என்று இரண்டு மூன்றைத் தப்பிக்க விட்டுவிடுவார்கள், அப்புறம் இசி50 எங்கேயோ போய் நிற்கும்.

சரி, மேக்னா. பெரிய உடம்பு, வளர்ந்த தாய் ஐந்து மில்லிமீட்டர் வரை போகும், குஞ்சுகூட வெறும் கண்ணுக்குத் தெரியும், கறுப்புத் தாளை அடியில் வைத்தால் லென்ஸ் இல்லாமலே எண்ணலாம். ஆண் துணை இல்லாமல் பெண்ணே பெண்ணாகப் பெற்றுத் தள்ளுவதால் எல்லாம் ஒரே அச்சு. உலகம் முழுக்க இதை வைத்துத்தான் எண் எடுத்திருக்கிறார்கள், உங்கள் எண்ணை யாருடைய எண்ணோடும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். வளர்ப்பு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்கப் பொட்டாசியம் டைகுரோமேட் இருக்கிறது: 24 மணி நேர இசி50 லிட்டருக்கு 0.6-லிருந்து 2.1 மில்லிகிராமுக்குள் விழுந்தால் உங்கள் வளர்ப்பும் கையும் சரி. வெப்பம் 18-லிருந்து 22 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக, கீழே கோயம்புத்தூரில் ஏசி ஓட்டுகிறார்கள். இங்கே சித்திரையில் அறையே அந்தக் கணக்கில் நிற்கும், மார்கழி ராத்திரியில்தான் மீன்தொட்டி ஹீட்டர் போட வேண்டியிருக்கும். அந்த ஹீட்டரும் கரண்ட் போனால் போச்சு. ஒருமுறை விடியற்காலையில் தண்ணீர் 13 டிகிரிக்கு இறங்கி, மருந்தே கலக்காத பீக்கர்களில் 20-க்கு மூன்று முடங்கிவிட்டது. 10 சதவீதத்துக்கு மேல் போனால் சோதனையே செல்லாது, மொத்தத்தையும் கொட்டினேன்.

மேக்னாவோடு எனக்குள்ள வழக்கு அதன் தண்ணீரில்தான். அது கெட்டித் தண்ணீரில், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் நிறையக் கரைந்த தண்ணீரில் வாழ்கிற பிராணி, மேல் ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும், வழிமுறையும் அதற்கு லிட்டருக்கு 140-லிருந்து 250 மில்லிகிராம் கடினத்தன்மையைப் பரிந்துரைக்கிறது. நம் ஓடைத் தண்ணீர் சார்னோகைட் பாறை மேல் ஓடிவருவது, மழையும் அதிகம், அதில் கரைய என்ன இருக்கிறது? கீழ் நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகள் குளித்துவிட்டு "சோப்பு போகவே மாட்டேங்குது" என்று சொல்வதெல்லாம் இதனால்தான். ஆகவே மேக்னாவை வைத்துச் செய்ய வேண்டுமானால் லிட்டருக்கு 294 மில்லிகிராம் கால்சியம் குளோரைடு, கூடவே மெக்னீசியம் சல்ஃபேட், சோடா உப்பு, கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு என்று கலந்து கடினத்தன்மையை 250-க்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். மற்ற மருந்துகளுக்கு இது பெரிய குற்றமில்லை. ஆனால் தேயிலையில் கொப்புள நோய்க்கு நாம் அடிப்பது காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிர மருந்து. கெட்டித் தண்ணீரில் கால்சியம் முந்திக்கொண்டு செவுளில் இடம் பிடித்துவிடும், தாமிரம் உள்ளே ஏறுவது குறையும், சோதனையில் மருந்து சாதுவாகத் தெரியும். அதே அளவு தாமிரம் நம் ஓடைக்கு வந்தால் தடுக்க ஆள் இல்லை. இன்னொரு பொறி, வளர்ப்புக்குப் பலரும் பயன்படுத்தும் எம்4, எம்7 ஊடகங்களில் இடிடிஏ இருக்கிறது. அது உலோகத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், அதனால் உலோகச் சோதனைக்கு அந்தத் தண்ணீரே ஆகாது. இதைக் கவனிக்காமல் செய்துவிட்டு "தாமிரம் பாதுகாப்பானது" என்று எழுதியவளின் ஆய்வேட்டை நானே திருத்தியிருக்கிறேன்.

மென்னீரில் தாமிரம் என்ன செய்யும் என்பதை நான் கற்றது புத்தகத்தில் இல்லை, குளியலறையில். முதல் வருடக் குளிரில் மொய்னா (இதுவும் நீர்த்தெள்ளுதான், சின்னது) ஜாடிக்குத் தண்ணீர் மாற்றும்போது, சில்லென்று ஊற்ற வேண்டாமே என்று கீசரிலிருந்து ஒரு குவளை வெந்நீர் பிடித்து, ஆறவைத்துக் கலந்தேன். சாயங்காலம் பார்த்தால் ஜாடியின் அடியில் வெள்ளைத் தூசி படிந்தமாதிரி எல்லாம் கிடந்தன. அன்றைக்குத்தான் குழாய்க்குக் கீழே தரையில் நீலப் பச்சையாக ஒரு கறை ஓடியிருப்பதைக் கவனித்தேன், தினமும் மிதித்துக்கொண்டு போனதுதான். வாடகை வீட்டின் பழைய கீசர், உள்ளே தாமிரத் தொட்டி, அதில் ராத்திரி முழுக்க ஊறிய மென்னீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாமிரம் வரைக்கும் விடுகிறது. நீர்த்தெள்ளுகளுக்கோ மென்னீரில் சில பத்து மைக்ரோகிராமே போதும். நாம் குடித்துவிட்டு நடமாடுகிற தண்ணீர் அதற்கு விஷம்.

மொய்னாவும் அதன் ஒன்றுவிட்ட உறவு செரியோடாஃப்னியாவும் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தவை. தமிழ்நாட்டுக் குளங்களிலேயே இருப்பவை, மொய்னா அலங்கார மீன் வளர்ப்பவர்களிடம் குஞ்சுத் தீனியாகவே கிடைக்கும். ஈஸ்ட் கரைசல் இரண்டு சொட்டு விட்டால் போதும். செரியோடாஃப்னியா டூபியாவுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வழிமுறை இருப்பதால் ஒட்டுமொத்தமாக அனாதை இனம் என்றும் சொல்ல முடியாது. தொல்லைகளும் உண்டு. தாயே ஒரு மில்லிமீட்டர் என்றால் குஞ்சு எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், நல்ல விளக்கும் லென்ஸும் இல்லாமல் ஆகாது. மொய்னா சூட்டுக்குப் பழகியது, நம் குளிரில் வதவதவென்று பெருகாது. கடையில் வாங்கிய பையில் மூன்று இனம் கலந்திருக்கும், அதனால் ஒரே ஒரு தாயைத் தனியே எடுத்துவைத்து அவள் வம்சத்தை மட்டும் வளர்க்க வேண்டும். இதற்கு ஒரு மாதம் போய்விடும். அப்புறம் குஞ்சுகள் ஓட்டுக்கடியில் காற்று புகுந்து மேலே மிதந்து ஒட்டிக்கொள்ளும், பிப்பெட்டின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்து விடவில்லை என்றால் மருந்துக்கு முன்பே காற்று முடக்கிவிடும்.

வளர்க்கவே நேரமில்லை என்பவர்களுக்கு ஃபேரி ஷ்ரிம்ப் இருக்கிறது, மல்லாந்து நீந்தும் அழகான பிராணி. அமெரிக்கக் குட்டைகளின் தாம்னோசெஃபாலஸ் முட்டைகள் காய்ந்த பொடியாகப் புட்டியில் வருகின்றன, தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் வைத்தால் ஒரு நாளில் பொரியும், அடுத்த 24 மணி நேரத்தில் சோதனை முடியும், ஐ.எஸ்.ஓ. 14380 என்ற 2011-ம் ஆண்டுத் தரமும் உண்டு. 25 டிகிரி வேண்டும் என்பது மலையில் செலவு. விலையும் கூடுதல். நம்மூர் மழைக்குட்டைகளின் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைக்கோடோமஸும் ஒரு ஃபேரி ஷ்ரிம்ப்தான், ஆனால் அதுவும் சமவெளி. நாலு நாளில் ஒரு எண் வேண்டுமென்றால் எடுங்கள், நம் ஓடைக்கு அது என்ன சொல்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஆர்ட்டீமியாவைப் பற்றி ஒரே வரி: அது உப்பளத்துப் பிராணி.

இனி ரத்தப் புழு, அதாவது கைரோனோமஸ். மேலே சொன்னவை எல்லாம் ஓட்டுடலிகள் (இறால், நண்டு வகையறா), இது ஒன்றுதான் பூச்சி. அதனால் என்ன என்று கேட்டால், இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாஃப்னியா மேக்னாவை முடக்க லிட்டருக்குச் சுமார் 85 மில்லிகிராம் வேண்டும். கைரோனோமஸ் புழுவுக்கு மைக்ரோகிராம் கணக்கிலேயே கதை முடிந்துவிடும், ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். பூச்சியின் நரம்பில் போய் ஒட்டுவதற்கென்றே செய்த மருந்தை ஓட்டுடலியிடம் கொடுத்து "எப்படி இருக்கு" என்று கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லும். ஓடையில் கல்லைப் புரட்டினால் இருப்பவை பெரும்பாலும் பூச்சிகளின் இளம்புழுக்கள், அவற்றின் சார்பில் பேச டாஃப்னியாவுக்கு உரிமை இல்லை. 2011-ல் வந்த ஓ.இ.சி.டி. 235 இதற்கான வழிமுறை: முதல் பருவப் புழு, அதே 48 மணி நேரம், மருந்தில்லாத பீக்கரில் 15 சதவீதம் வரை முடங்கலாம். முதல் பருவத்தில் புழு சிவப்பாக இருக்காது, கண்ணாடி இழை மாதிரி இருக்கும், இதைத் தெரியாமல் சிவப்பைத் தேடிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தவள் நான். வளர்ப்புதான் ரோதனை. வலைக்கூண்டுக்குள் பறக்கவிட்டு, முட்டைக் கயிறு போடும்வரை காத்திருக்க வேண்டும். ஒருநாள் கூண்டின் ஜிப் சரியாக மூடாமல் போக, திரைச்சீலை முழுக்க உட்கார்ந்துவிட்டன. கடிக்காத பூச்சி என்று வீட்டுக்காரம்மாவிடம் எவ்வளவு சொல்லியும், அவர் கொசுவர்த்தியோடு வந்து நின்றார்.

ஆகவே தேயிலையும் தாமிரமும் என்றால் செரியோடாஃப்னியாவோ மொய்னாவோ எடுத்து, தோட்டத்துக்கு மேலே பிடித்து வடிகட்டிய ஓடைத் தண்ணீரிலேயே செய்யுங்கள், கூடவே ஒரு வரிசை மேக்னாவை மேலே சொன்ன உப்புகள் கலந்த தரத் தண்ணீரில் வையுங்கள், இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரமே உங்கள் ஆய்வேடு. ஓடை சோலைக்குள்ளிருந்து தேத்தண்ணி நிறத்தில் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், இலைச்சாறு தாமிரத்தைக் கட்டிவிடும், எண் மாறும். காய்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்து என்றால் கைரோனோமஸைத் தவிர வேறு எதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வருடம் வந்தவள் கேத்தி பாலாடாப் பக்கம், வீட்டில் கேரட் போடுகிறார்கள். புழுதான் என்று சொல்லி அனுப்பினேன், தோட்டத்துக்கு மேலே, மருந்து படாத தொட்டியாகப் பார்த்து எடு என்றும் சொன்னேன். போன திங்கட்கிழமை டிபன் பாக்ஸ் ஒன்றை மேஜையில் வைத்துத் திறந்தாள், உள்ளே நாலு முட்டைக் கயிறுகள், ஜெல்லி மாதிரி, விரல்கடையளவு. மூடியில் மார்க்கரில் தேதியும் தொட்டியின் பெயரும் எழுதியிருந்தாள். டப்பா அவள் அம்மாவுடையதாம், இன்னும் சொல்லவில்லையாம்.