ஸ்லோவான ஃபோனுக்கு பூஸ்டர் ஆப் வேண்டாம், கூகுள் ஃபைல்ஸ் போதும்

ஃபோன் ஸ்லோவாகிவிட்டது என்றால் உடனே பிளே ஸ்டோருக்குப் போய் பூஸ்டர், க்ளீனர் என்று தேடி மேலே வருகிற முதல் ஆப்பை இறக்கிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீட்டிலும் நண்பர்கள் மத்தியிலும் யார் ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினாலும் இருக்கிற க்ளீனர்களையெல்லாம் தூக்கிவிட்டு நான் போட்டுக்கொடுப்பது ஃபைல்ஸ் பை கூகுள் என்ற ஒரே ஆப்தான். நிறைய ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இது வாங்கும்போதே இருக்கும், திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

2017 டிசம்பரில் ஃபைல்ஸ் கோ என்ற பெயரில் வந்தது, அடுத்த ஆண்டே பெயரை மாற்றிவிட்டார்கள். ராம், அதாவது ஓடிக்கொண்டிருக்கிற ஆப்களை வைத்திருக்கும் மெமரி, 1 ஜிபியோ அதற்கும் கீழோ இருக்கிற ஃபோன்களுக்காக ஆண்ட்ராய்டு கோ என்று ஆண்ட்ராய்டின் எளிய வடிவம் ஒன்றைக் கூகுள் தனியாகக் கொண்டுவந்த அதே காலம். இடம் குறைவான ஃபோனை மனதில் வைத்துச் செய்த ஆப் என்பது பயன்படுத்தும்போதே தெரியும். இலவசம், முழுத்திரை விளம்பரம் எதுவும் குறுக்கே வராது.

எனக்கு இதில் முதலில் பிடித்ததே இது வேகத்தைப் பற்றிப் பேசாததுதான். எந்தெந்த ஃபைல் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, எதையெல்லாம் அழிக்கலாம் என்று காட்டுகிறது, அதோடு சரி. பூஸ்டர் ஆப்பைத் திறந்தால் என்ன நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். சிவப்பு வட்டத்துக்குள் ராம் 87 சதவீதம் நிரம்பிவிட்டது என்று வரும், பட்டனை அழுத்தினால் ராக்கெட் பறக்கும், விளம்பரம் ஓடும், பிறகு வட்டம் பச்சையாகி எண் குறையும். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் மறுபடி சிவப்பு.

ராம் நிரம்பியிருப்பது ஒரு நோயே கிடையாது. நீங்கள் கடைசியாகப் பயன்படுத்திய ஆப்களை ஆண்ட்ராய்டு வேண்டுமென்றேதான் ராமில் வைத்திருக்கிறது, திரும்ப அழைத்தால் சட்டென்று வரட்டும் என்று. இடம் தேவைப்பட்டால் பழையதை அதுவே தூக்கிவிடும். நாம் போய் எல்லாவற்றையும் மூடினால் அடுத்த முறை ஒவ்வோர் ஆப்பும் ஸ்டோரேஜிலிருந்து புதிதாக ஏற வேண்டும், அதற்கு நேரமும் கூட, பேட்டரியும் கூட. அதைவிட முக்கியமான விஷயம், 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல் ஓர் ஆப் தன்னுடைய பின்னணி வேலைகளை மட்டுமே நிறுத்த முடியும், மற்ற ஆப்களின் மேல் கை வைக்க முடியாது. அதாவது புதிய ஃபோன்களில் அந்த ராக்கெட் வெறும் படம்தான். மற்ற ஆப்களின் கேஷை, அதாவது அவை தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் ஃபைல்களை, அழிக்கும் அனுமதியும் ஆண்ட்ராய்டு 6இலேயே சாதாரண ஆப்களிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் பல க்ளீனர்கள் ஆக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கின்றன. செட்டிங்ஸுக்குள் போய் உங்களுக்குப் பதிலாக பட்டனை அழுத்த அது வேண்டும், ஆனால் அதே அனுமதி இருந்தால் உங்கள் திரையில் ஓடுவதைப் படிக்கவும் முடியும். பணப் பரிமாற்றம் செய்கிற ஃபோனில் இதையா கொடுப்பீர்கள்?

சரி, அப்படியானால் ஃபோன் ஏன்தான் ஸ்லோவாகிறது? நான் பார்த்த பெரும்பாலான ஃபோன்களில் காரணம் ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிரம்பியிருப்பதுதான். ஃபோனில் இருக்கிற ஃபிளாஷ் மெமரியில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் மறுபடி எழுதலாம், அந்தத் தொகுதியில் தேவையான தகவல் ஏதாவது இருந்தால் முதலில் அதை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். எல்லா அறையிலும் சாமான் அடைந்து கிடக்கிற வீட்டில் ஓர் அறையைக் கழுவிவிட முயல்வது போலத்தான். காலி இடம் இருக்கும்வரை இதெல்லாம் பின்னால் சத்தமில்லாமல் நடக்கும், இல்லாதபோது நீங்கள் காத்திருக்கும்போதே நடக்கும். கேமராவைத் திறந்தால் கறுப்புத் திரை, படம் எடுத்தால் சேமிக்க ஒரு யுகம், கீபோர்டில் அடித்த எழுத்து தாமதமாக வருவது, எல்லாம் இதன் அறிகுறிகள். விலை குறைந்த, பழைய ஃபோன்களில் இருப்பது பெரும்பாலும் இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ், யுஎஃப்எஸ் என்ற புதிய வகை அளவுக்கு வேகம் கிடையாது, அதனால் அடி இன்னும் பலமாக விழும்.

அக்காவின் ஃபோன் 32 ஜிபி. காலி இடம் 1 ஜிபிகூட இல்லை. ஃபைல்ஸைத் திறந்து க்ளீன் பகுதிக்குப் போனோம். டூப்ளிகேட் பட்டியலில் ஒரே பிடிஎஃப், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போட்டு வரிசையாக நிற்கிறது, ஒவ்வொரு முறை தேவைப்படும்போதும் மறுபடி டவுன்லோடு செய்திருக்கிறாள். பெரிய ஃபைல்கள் பட்டியலில் எப்போதோ பார்த்து முடித்த வீடியோக்கள். பயன்படுத்தாத ஆப்கள் என்று ஒரு பட்டியல், அதில் பாதி என்ன ஆப் என்றே அவளுக்கு ஞாபகம் இல்லை. அழித்து, டிராஷையும் காலி செய்துவிட்டு ஃபோனை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ததும் கேமரா தட்டியவுடன் திறந்தது, கீபோர்டு தடுமாற்றமும் போய்விட்டது. ராமைத் தொடவே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, க்ளீன் பகுதியில் தேர்ந்தெடுத்து அழிக்கிற படங்களும் வீடியோக்களும் நேராகப் போவதில்லை, டிராஷுக்குப் போய் 30 நாள் அங்கேயே இருக்கும். தவறுதலாக அழித்தால் மீட்க நல்லது, ஆனால் அதுவரை இடம் காலியாகாது. இதை ஆப் இன்னும் பளிச்சென்று சொல்லலாம், ஏனென்றால் எல்லாவற்றையும் அழித்தும் ஃபோன் அப்படியே இருக்கிறதே என்று பலர் குழம்புவது இங்கேதான். டிராஷைத் திறந்து ஒரு முறை பார்த்துவிட்டு காலி செய்யுங்கள். இரண்டாவது, மங்கலான படங்கள், மீம்கள் என்று அது பிரித்துக் காட்டுவதெல்லாம் மென்பொருளின் கணிப்புதான், மொத்தமாகத் தேர்ந்தெடு என்பதை அங்கே தொடவே தொடாதீர்கள். மங்கலாக இருந்தாலும் அந்த ஒரே படம்தான் இருக்கிறது என்கிற மாதிரிப் படங்கள் எல்லோரிடமும் இருக்கும்.

வாட்ஸ்அப்பை மட்டும் அதன் உள்ளேயே போய்ச் சுத்தம் செய்வது நல்லது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மேனேஜ் ஸ்டோரேஜ். 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வேர்டு ஆனவை, அப்புறம் எந்த குரூப் எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று வரிசையாக வரும். நீங்கள் அனுப்புகிற வீடியோவுக்கும் ஃபோனில் ஒரு நகல் சென்ட் ஃபோல்டரில் சேரும், கேலரியில் தெரியாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆட்டோ டவுன்லோடை நிறுத்தாமல் எதை அழித்தாலும் கொஞ்ச நாளில் பழையபடி நிரம்பிவிடும்.

இடம் தாராளமாக இருந்தும் ஃபோன் இழுக்கிறது என்றால் ஃபைல்ஸால் ஒன்றும் ஆகாது. சமீபத்தில் பெரிய அப்டேட் வந்திருந்தால் ஓரிரு நாள் விடுங்கள், பின்னணி வேலைகள் முடியட்டும். பேட்டரியைப் பாருங்கள், தேய்ந்த பேட்டரியால் தேவைப்படும் நேரத்தில் போதுமான மின்சாரத்தைக் கொடுக்க முடியாது. பழைய பேட்டரி உள்ள சில ஐஃபோன்களின் வேகத்தை, ஃபோன் திடீரென்று அணையாமல் இருக்கத் தானே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஐஃபோன்காரர்கள் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த்தைப் பார்த்துவிட்டு பேட்டரியை மாற்றினாலே வித்தியாசம் தெரியும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குள் போய் மூன்று அனிமேஷன் அளவுகளையும் 0.5 ஆக்கினால் திரைகள் சீக்கிரம் மாறும், வேகம் கூடாவிட்டாலும் கைக்கு இதமாக இருக்கும், பழைய ஃபோனுக்கு நான் கட்டாயம் செய்துவிடுவேன்.

128 ஜிபி ஃபோனில் பாதிக்கு மேல் காலியாக வைத்திருப்பவருக்கு இந்த ஆப் தேவையில்லை. 32, 64 ஜிபி ஃபோனை இன்னும் சில காலம் ஓட்ட நினைப்பவர்கள் இன்றைக்கே போட்டுக்கொள்ளலாம். போடுவதற்கு முன்னால் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பக்கத்தைத் திறந்து, பழைய க்ளீனர் ஏதாவது அங்கே ஆனில் இருந்தால் முதலில் அதை ஆஃப் செய்துவிட்டு அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.