இன்னோர் ஆர்ச்சர்ட்: நியூயார்க் டெனமென்ட் அருங்காட்சியகத்தில் ஒரு பிற்பகல்

ஆர்ச்சர்ட் என்றதும் சிங்கப்பூரில் நமக்குக் கடைத்தொகுதிகளும் ஆண்டிறுதி ஒளியூட்டும்தான் நினைவுக்கு வரும். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் இருக்கும் ஆர்ச்சர்ட் தெரு, பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த தெரு. அங்கே 97ஆம் எண் கட்டடம் இப்போது டெனமென்ட் அருங்காட்சியகமாக இருக்கிறது. டெனமென்ட் என்றால் ஏழைக் குடும்பங்கள் பல வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் கட்டடம். ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனபோது அங்கு வழிகாட்டியோடு போகும் இரண்டு சுற்றுகளுக்குச் சீட்டு வாங்கினேன். கொடுத்த காசு முழுவதற்கும் பலன் கிடைத்தது.

லூக்காஸ் கிளாக்னர் என்ற ஜெர்மானியத் தையற்காரர் 1863இல் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம் இது. 1935 வரை, 20க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 7,000 பேர் இதில் குடியிருந்திருக்கிறார்கள். சட்டம் கேட்ட மாற்றங்களைச் செய்ய மனமில்லாத உரிமையாளர் அவ்வாண்டில் குடித்தனக்காரர்களை வெளியேற்றி மேல்மாடிகளைப் பூட்டிவிட்டார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. 1988இல் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்தவை, அரை நூற்றாண்டு ஆள் புழங்காத, சுவர்த்தாளின்மேல் சுவர்த்தாள் ஒட்டி உரிந்து கிடந்த வீடுகள்.

ஒரு வீட்டின் பரப்பு சுமார் 325 சதுர அடி. நம் ஓரறை வாடகை வீட்டைவிடச் சற்றுச் சிறிய அந்த இடத்தையே மூன்று அறைகளாகத் தடுத்திருந்தார்கள்; அவற்றில் ஓர் அறைக்குத்தான் வெளிக்காற்றும் வெளிச்சமும் உண்டு. கழிப்பறை முதலில் கொல்லையில் இருந்தது. 1901ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகே மாடிக்கு இரண்டு கழிப்பறைகள் வந்தன. அவற்றையும் நான்கு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன.

எங்களை வெகுநேரம் நிறுத்தி வைத்தது லெவின் குடும்பத்தின் வீடு. போலந்திலிருந்து வந்த ஹாரிஸ் லெவின், 1890களில் வீட்டின் முன்னறையையே தையற்கூடமாக்கிக்கொண்டார். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும். தைத்த உடுப்பு திரும்பிப் போகும். சமையலறை அடுப்பில் இஸ்திரிப்பெட்டிகள் காயும். குடும்பத்துக்குச் சோறாக்கவும் அதே அடுப்புதான். கறுத்துக் கனத்த அந்த இஸ்திரிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்ற அம்மா, “நூலுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேளு” என்றார். 1970களில் தோ பாயோ ஈரறை வீட்டில், ஆலை ஒன்றுக்காக டசன் கணக்கில் சட்டைகளுக்குப் பித்தான் தைத்தவர் அவர். தைத்தவை குறை சொல்லித் திரும்பி வந்தால் அந்த நூலின் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்களாம். இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை. வழிகாட்டி அவசரப்படாமல் கேட்டு, லெவினைப் போன்ற துணை ஒப்பந்தக்காரரின் வரவு செலவைப் பொறுமையாக விளக்கினார். வழிகாட்டிகளின் இந்தப் பக்குவம்தான் இந்த அருங்காட்சியகத்தின் பெரும்பலம்.

நட்டாலி கம்பர்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்ணின் கதையும் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. 1873இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியின்போது, 1874 அக்டோபரில் வீட்டைவிட்டுப் போன கணவர் ஜூலியஸ் திரும்பவே இல்லை. நட்டாலி உடை தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். மாமனார் விட்டுச்சென்ற 600 டாலரைப் பெறுவதற்காக, 1883இல் கணவர் இறந்துவிட்டதாக நீதிமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது.

நியூ ஜெர்சியில் 20 ஆண்டுகளாக இருக்கும் என் சித்தப்பா மகன் இந்த இடத்தைப் பார்த்ததில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1917ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இந்தியர்களுக்குக் கதவடைத்தது. 1946இல் ஆண்டுக்கு 100 பேருக்கு இடம் தந்தார்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே நம்மவர் பெருமளவில், பெரும்பாலும் படிப்பை நம்பி, அங்கே போனார்கள். ஆகவே ஆர்ச்சர்ட் தெருவின் கதை அமெரிக்கத் தமிழரைவிடச் சிங்கப்பூர்த் தமிழராகிய நமக்கே நெருக்கமானது என்பது என் கருத்து. ரஜூலா கப்பலில் வந்து, செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தடுத்து வைக்கப்பட்டு, பிறகு கரையேறிய தாத்தாவின் பேத்திக்கு, நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவு எப்படி அந்நியமாகும்?

போக விரும்புவோர் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். 97ஆம் எண் கட்டடத்தை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். ஒவ்வொரு சுற்றும் வெவ்வேறு குடும்பத்தின் கதை என்பதால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேல்மாடிகளுக்கு மின்தூக்கி கிடையாது. அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று நின்றுதான் ஏறினார். முட்டிவலி உள்ளவர்களுக்கு இதே அருங்காட்சியகத்தின் 103ஆம் எண் கட்டடம் வசதி. அங்கே 2017இல் திறக்கப்பட்ட காட்சியில், சைனாடவுன் தையல் ஆலையில் வேலை செய்த வோங் குடும்பத்துத் தாயின் வீடும் இருக்கிறது. எல்லிஸ் தீவுப் படகையும் இதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். தீவுக்கே முழு நாள் வேண்டும்.