எக்ஸ்டர்: எந்த வேரியன்ட்டுக்குக் காசு கொடுக்கலாம்?

ஹூண்டாய் எக்ஸ்டரில் பேஸ் மாடல் எடுத்தாலும் டாப் எண்ட் எடுத்தாலும் பானட்டுக்கு அடியில் இருப்பது ஒரே இன்ஜின்தான். 1197 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல், 83 பிஎஸ் பவர், 114 என்எம் டார்க். 3,815 மிமீ நீளம், 185 மிமீ கிரவுண்ட் கிளியரன்ஸ், 391 லிட்டர் டிக்கி, 37 லிட்டர் டேங்க் எதுவும் பெட்ரோல் வண்டிகளில் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறாது. ஆறு ஏர்பேக், ஐந்து சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட் ஆகியவையும் எல்லாவற்றிலும் உண்டு. ஆனாலும் 2023 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து இந்த வண்டி வந்தபோது ஷோரூம் விலை 5,99,900-ல் தொடங்கி 9,99,990 வரை போனது. ஏஎம்டிக்கான, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் கியர்பாக்ஸுக்கான, சுமார் 70,000-ஐக் கழித்தாலும் மூன்றேகால் லட்சம் மிச்சம் நிற்கிறது. அந்தக் காசு எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்தப் படியில் நிற்கலாம் என்பது தெரியும்.

அறிமுகத்தின்போது மேனுவல் பெட்ரோலின் படிகள் இவை: இஎக்ஸ் 6.00 லட்சம், எஸ் 7.27, எஸ்எக்ஸ் 8.00, எஸ்எக்ஸ் ஓ 8.64, எஸ்எக்ஸ் ஓ கனெக்ட் 9.32. அதற்குப் பிறகு விலை ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி, செஸ்ஸோடு சேர்த்து 29-லிருந்து 18 சதவீதமானதில் ஷோரூம் விலை ஏறத்தாழ எட்டரை சதவீதம் இறங்கியது. நடுநடுவே புதுப்பெயர்களும் நுழைந்தன. செகண்ட்ஹேண்ட் சந்தையில் இப்போது அதிகம் கிடைப்பது இந்த முதல் வரிசை வண்டிகள்தான் என்பதால் கணக்கை இதை வைத்தே போடுகிறேன். புது வண்டி பார்ப்பவர்கள் இன்றைய விலைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். வித்தியாசம் எத்தனை ஆயிரம், அதற்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி மாறவில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஓ'. இஎக்ஸ், எஸ் இரண்டிலும் இஎஸ்சி எனும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கூடுதல் ஆப்ஷனாகத்தான் வந்தது. இஎக்ஸ் ஓ, எஸ் ஓ என்று கேட்டு வாங்கினால் இஎஸ்சியும், ஏற்றத்தில் கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் அசிஸ்டும் சேர்ந்து வரும். ஆன்ரோடு விலையைக் குறைத்துக் காட்ட ஷோரூம்காரர் முதலில் கழற்றுவதும் இந்த ஓவைத்தான், ஏனென்றால் இல்லாதது கண்ணுக்குத் தெரியாது.

ஏபிஎஸ் செய்வது ஒரு வேலைதான். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். முதல் மழையில் எண்ணெய் மிதக்கும் ரோட்டில், குறுக்கே வந்த மாட்டுக்காக ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் வண்டி பின்பக்கம் வீசிப்போகும். அங்கே ஏபிஎஸ்ஸால் பயனில்லை. ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி நிஜத்தில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு, தேவைப்பட்ட ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்குவது இஎஸ்சி. இதற்குத் தனி ஹைட்ராலிக் யூனிட், சுழற்சி சென்சார், ஸ்டியரிங் கோண சென்சார், அதற்கான சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டும். பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்டீரியோவும் அலாய் வீலும் அப்படியல்ல, தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். பட்ஜெட் இடித்தால் எதை வேண்டுமானாலும் விடுங்கள், இதை விடாதீர்கள்.

செகண்ட்ஹேண்டில் பார்க்கும்போது சொல்வதை நம்ப வேண்டாம். சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், மீட்டரில் சறுக்கும் கார் போன்ற மஞ்சள் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஒன்று இஎஸ்சி இல்லை, அல்லது எச்சரிக்கை விளக்கில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

இஎக்ஸிலிருந்து எஸ்ஸுக்குப் போவதுதான் பெரிய தாவல், 1,27,000 ரூபாய். அதற்கு 8 இன்ச் டச்ஸ்கிரீன், நான்கு ஸ்பீக்கர், ஸ்டியரிங்கில் ஆடியோ பட்டன், பின் சீட்டுக்கு ஏசி வென்ட், பின் கதவுக்கு பவர் விண்டோ, உள்ளிருந்தே திருப்பும் மிரர் கிடைக்கிறது. இதில் ஸ்கிரீனையும் ஸ்பீக்கரையும் வெளியே பாதிக்கும் குறைவான செலவில் போட்டுவிடலாம். பின் ஏசி வென்ட் அப்படியல்ல, அதற்கான காற்றுக்குழாய் நடு கன்சோலுக்குள் ஓடுகிறது. சித்திரை வெயிலில் பெற்றோரையோ குழந்தைகளையோ பின்னால் உட்காரவைத்துப் போகும் வீடென்றால் இந்த ஒன்றுக்காகவே எஸ் எடுக்கலாம். பெரும்பாலும் ஒருவர் மட்டும் ஓட்டி அலுவலகம் போய்வரும் வண்டி, வீட்டின் இரண்டாவது வண்டி என்றால் இஎக்ஸ் ஓ போதும்.

இஎக்ஸ் எடுத்து வெளியே ஸ்டீரியோ போடுபவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: கப்ளருக்குக் கப்ளர் பொருந்தும் ஹார்னஸ் இருக்கிறதா? ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினால் சில மழைக்காலத்தில் அந்த இணைப்பு பச்சை பூத்து, ஹாரன் ஒருநாள் அடிக்கும், ஒருநாள் அடிக்காது. வெட்டுப்பட்ட ஒயரிங்கைப் பார்த்தால் சர்வீஸ் சென்டர் அந்த எலக்ட்ரிகல் வேலைக்கு வாரன்டி தராது.

எஸ்ஸுக்கும் எஸ்எக்ஸுக்கும் இடைவெளி 73,000. என் கணக்கில் இந்த வரிசையிலேயே காசுக்கு நியாயம் செய்யும் படி இதுதான். காரணம் சன்ரூஃப் அல்ல, ப்ரொஜெக்டர் ஹெட்லைட். கீழ் வேரியன்ட்டில் இருப்பது சாதாரண ரிஃப்ளெக்டர். வெளிச்சம் போதவில்லை என்று அதற்குள் எல்இடி பல்பைச் சொருகுவது இன்று எல்லோரும் செய்யும் காரியம். ஹாலஜன் பல்பில் இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டு வார்த்த கண்ணாடி அது. எல்இடி சில்லு அந்தப் புள்ளியில் சரியாக உட்காராது. ஒளி ரோட்டில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழும். 90/100 வாட் பல்பு போடுவது அதைவிட மோசம்: 60/55 வாட்டுக்குப் போட்ட ஒயரும் ஹோல்டரும் சூடாகி உருகும். ரிலே கிட் போட்டால் ஒயர் பிழைக்கும், ரிஃப்ளெக்டர் மங்குவது நிற்காது.

சக்கரத்துக்கு வருவோம். கீழே 165/70 ஆர்14 ஸ்டீல், எஸ்எக்ஸிலிருந்து 175/65 ஆர்15 அலாய். பட்டியலில் ஒரு இன்ச் வித்தியாசம் போலத் தெரியும். டயரோடு சேர்த்து அளந்தால் முதலாவது 587 மிமீ விட்டம், இரண்டாவது 608. ஆக எஸ் எடுத்துவிட்டு வெளியே 15 இன்ச் போடுபவரின் ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட 3.7 சதவீதம் குறைத்துக் காட்டும், ஓடோமீட்டரும் அப்படியே. 'பார்க்க நன்றாயிருக்கும்' என்று 185/65 ஆர்15 போட்டால் வித்தியாசம் 6 சதவீதத்தைத் தொடும். பிக்கப் மந்தமாகும், மைலேஜ் இறங்கும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உரசவும் கூடும். ஸ்டீல் வீலில் அழகு குறைவுதான், ஆனால் பள்ளத்தில் விழுந்து நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் டிபிஎம்எஸ் உள்ள வண்டியில் வீல் மாற்றினால் வால்வோடு இருக்கும் சென்சாரைப் பழைய வீலிலிருந்து கழற்றிப் புதியதில் போடச் சொல்லுங்கள். கடையில் மறந்துவிட்டால் மீட்டரில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

சன்ரூஃபும் எஸ்எக்ஸிலிருந்து வந்தது. 2024 ஆகஸ்டில் எஸ் ஓ பிளஸ், எஸ் பிளஸ் என்று கீழேயும் இறக்கினார்கள். மதுரை வெயிலில் பகலில் அதைத் திறப்பவர் யாரென்று தெரியவில்லை, குழந்தைகள் ஓட்டுப் போட்டால் அது வேறு விஷயம். வாங்கினால் பராமரிப்பும் சேர்ந்தே வரும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ஓடையில் இறங்கும் தண்ணீர் மூலைகளிலுள்ள மெல்லிய குழாய்கள் வழியாக வண்டிக்கு அடியில் போக வேண்டும். வேப்பம்பூவும் புளியிலைத் தூளும் அங்கே அடைத்துக்கொண்டால் தண்ணீர் கூரைத் துணியில் கறையாக வரும், இல்லையென்றால் காலடியில் உள்ள தரைவிரிப்பில் ஊறும். ஐப்பசிக்கு முன்னால் திறந்து, ஓடையைத் துணியால் துடைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஒரு மூலையில் ஊற்றிக் கீழே சொட்டுகிறதா பாருங்கள். சொட்டவில்லை என்றால் கம்ப்ரெஸர் காற்றை அடிக்காதீர்கள், குழாய் உள்ளே இணைப்பிலிருந்து கழன்றுவிடும். மரத்தடியில் நிறுத்துபவர் சன்ரூஃப் இல்லாத வண்டியையே எடுக்கலாம்.

எஸ்எக்ஸ் ஓவுக்கு இன்னும் 64,000. புஷ் பட்டன், ஸ்மார்ட் கீ, வயர்லெஸ் சார்ஜர், ஆட்டோ ஹெட்லைட். வசதிகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவசியம் என்று சொல்லவும் ஒன்றுமில்லை. அதற்கும் மேலே கனெக்டுக்கு 68,000: வண்டியைப் போனோடு இணைக்கும் ப்ளூலிங்க், டேஷ்கேம். அந்த டேஷ்கேமின் இரண்டாவது கேமரா பின் ரோட்டைப் பார்ப்பதில்லை, வண்டிக்குள் இருப்பவர்களைப் பார்க்கிறது. பின்னால் இடிப்பவரைப் பதிவுசெய்ய நினைத்து டாப் எண்ட் எடுத்தால் ஏமாற்றம்தான். வெளியே இரட்டைக் கேமரா வாங்கி, பின் கண்ணாடியில் ஒன்றை ஒட்டி, ஃபியூஸ் டேப் மூலம் இக்னிஷனோடு மட்டும் உயிர்பெறும் ஃபியூஸில் இணைத்தால் ஒயர் வெட்டும் வேலையே இல்லை. எப்போதும் கரன்ட் இருக்கும் ஃபியூஸில் கொடுத்தால் நாலு நாள் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஏஎம்டி வேண்டுமா என்பது வேரியன்ட்டைவிடப் பெரிய முடிவு. எஸ், எஸ்எக்ஸ் இரண்டிலும் சுமார் 70,000 கூட. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், ஒற்றை கிளட்ச். நம் காலுக்குப் பதில் ஒரு ஆக்சுவேட்டர். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது தலை லேசாக முன்னால் ஆடும், அந்த நொடியில் ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் அதுவும் குறையும். மேம்பாலச் சரிவில் டிராஃபிக் நிற்கும்போது ஆக்சிலேட்டரை அரைகுறையாக மிதித்து வண்டியை நிறுத்திவைப்பவரின் கிளட்ச் சீக்கிரம் தீரும். பிரேக்கை மிதியுங்கள், கிளம்ப ஹில் அசிஸ்ட் இரண்டு விநாடி தாங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற ஏற்றத்தில் டி-யில் விட்டால் வளைவின் நடுவில் கியர் தேடும். லீவரை மேனுவலுக்குத் தள்ளி வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். எஸ்எக்ஸ் ஏஎம்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பேடில் ஷிஃப்டர் இருப்பதால் இது விரலசைவில் முடியும்.

அறிமுகத்தின்போது சிஎன்ஜி எஸ், எஸ்எக்ஸில் மட்டும், மேனுவலில் மட்டும் வந்தது. 69 பிஎஸ், 95 என்எம்முக்கு இறங்கும். எஸ்ஸில் அப்போது கூடுதல் விலை 97,000. நிறுவனம் சொல்லும் மைலேஜ் பெட்ரோலில் 19.4, சிஎன்ஜியில் கிலோவுக்கு 27.1. பெட்ரோல் 101, சிஎன்ஜி 91 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் 85 பைசா மிச்சம். 97,000 திரும்பிவர 52,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1,500 ஓடுபவருக்குச் சரி, 500 ஓடுபவருக்கு வீண். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் ஹைட்ரோ டெஸ்ட்டும் உண்டு. பழைய வண்டியென்றால் 2024 ஜூலைக்கு முன் வந்ததா என்று பாருங்கள்: அதுவரை ஒற்றைப் பெரிய சிலிண்டர் டிக்கியை விழுங்கியது, பிறகுதான் இரண்டு சிறிய சிலிண்டர்.

எக்ஸ்டரின் டாப் எண்டை விலைபேசிக்கொண்டே வென்யூ, சோனெட், பிரெஸ்ஸா போன்ற சற்றுப் பெரிய வண்டிகள் பக்கம் கண்போகிறவர்கள் தமிழ்நாட்டு சாலை வரியையும் பார்க்க வேண்டும். ஷோரூம் விலை 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. கூடுதல் தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் கூடுதல் விகிதம். 9.95 லட்ச வண்டிக்கு வரி 1,29,350, 10.05 லட்ச வண்டிக்கு 1,80,900. டூயல் டோன் பெயின்ட்டுக்காகப் பத்தாயிரம் ஏறப்போய் அரை லட்சம் வரியாகப் போகும். பத்து லட்சத்தைத் தாண்டினால் விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரியான டிசிஎஸ்ஸும் 1 சதவீதம் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்ப வாங்கலாம், சாலை வரியை வாங்க முடியாது.

புக்கிங் படிவத்தில் 'எஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'எஸ் ஓ', 'எஸ் ஓ பிளஸ்' என்று முழுப்பெயரும் கலரும் இருக்கட்டும். ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரி பேக் என்ற வரிகளை அடிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை வெளியில் எடுப்பது உங்கள் உரிமை. மூன்று வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம், மற்றதில் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப், மழைநீர் தேங்கும் ஊரென்றால் இன்ஜின் கவர். வண்டியை ஷோரூமில் ரிப்பன் கட்டிய பிறகு பார்ப்பதில் பயனில்லை, ஆர்டிஓவில் பதிவாவதற்கு முன்பே யார்டில் போய்ப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும், ஐந்தும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். சாவியை ஆன் செய்து அந்த மஞ்சள் சறுக்கல் விளக்கு எரிகிறதா பாருங்கள். வேறு வேரியன்ட் வந்திருந்தால் பதிவுக்கு முன் ஒரு போனில் மாற்றிக்கொடுப்பார்கள், நம்பர் விழுந்த பிறகு மாற்ற மாட்டார்கள்.